கூழ் வரிசையில் காதறுந்தவள்

1968ஆம் வருடம் ஆடி மூன்றாம் ஞாயிறு, கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே இருக்கும் கன்னியம்மன் கோயிலில் கூழுக்கு நின்றவர்களில் பதினெட்டாவதாக நின்றது ஒரு பெண் குரங்கு. கையில் கொட்டாங்குச்சி இருந்தது. இடது காதில் பாதி இல்லை. முன்னால் நின்ற அஞ்சம்மாளும் பின்னால் நின்ற கலியனும் வெயிலைத் திட்டுவதில் மும்முரமாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. கூழ் ஊற்றிய தாயாரம்மாளுக்கோ ஒரு வழக்கம் உண்டு. முகத்தைப் பார்த்தால் சொந்தக்காரிக்கு ஒரு அகப்பை கூடப் போய்விடும் என்று, நீட்டிய ஏனத்தை மட்டுமே பார்ப்பாள். கொட்டாங்குச்சி வந்தது, ஊற்றிவிட்டாள். தர்மகர்த்தா தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாம்மே, கொரங்குக்கா ஊத்துறே?"

"வரிசைல வந்துச்சி, ஊத்திட்டேன். குடுத்ததைப் புடுங்கவா சொல்றீங்க?"

தணிகாசலம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப் போனார். காதறுந்தவள் ஓரமாகப் போய், பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தன் மகளுக்குக் கொடுத்தாள்.

அதுவரை அவளுடைய குரங்குக் கூட்டம் மேஸ்திரி சொன்னபடிதான் நடந்தது. மேஸ்திரி என்பது ஊரார் வைத்த பெயர். தோள் அகன்ற கிழட்டு ஆண் குரங்கு. அவன் எந்த வயலில் குதிக்கிறானோ அதில் அறுபது குரங்கும் குதிக்கும். பத்துச் செடியைப் பிடுங்கினால் ஒன்றைத் தின்னும். தாயாரம்மாளின் முக்கால் ஏக்கர் வேர்க்கடலை வருடா வருடம் இப்படித்தான் போனது. காதறுந்தவள் மட்டும் சண்டை போடத் தெரியாதவள், எல்லோருக்கும் கடைசியில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பாள். அதனால் பாதி நாள் பட்டினிதான்.

மறுவருடம் அவளுடைய மகளும் கொட்டாங்குச்சியோடு வந்தாள். 1970இல் குட்டிகள், 1971இல் குட்டிகளின் தாய்மார்கள். அதற்கடுத்த வருடம் ஆந்திர எல்லைத் தடா பக்கத்துக் குரங்குகளும் தண்டவாளத்தை ஒட்டி நடந்தே வந்து சேர்ந்தன. எல்லாமே ஏனத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தன. பிள்ளைத்தாச்சிக் குரங்கு வந்தால் மற்றவை நகர்ந்து முன்னால் விட்டன. கேட் கீப்பர் துலுக்காணம் அந்த ஞாயிறுகளில் வரிசை கடந்து முடியும்வரை சைக்கிள்காரர்களை நிறுத்தி வைத்தார். சைக்கிள்காரர்களும் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள்.

1973இல் தொழிற்பேட்டைக்காரர்கள் சங்கிலியோடு நிலம் அளக்க வந்தார்கள். தாயாரம்மாளின் புருஷன் மாரியப்பனுக்கு அங்கே இரும்பு ஆலையில் வேலை கிடைத்திருந்தது.

"இந்தத் தபாவும் கொரங்கு துன்னுட்டா நெலத்த குடுத்துடலாம்," என்றான். "யாருக்கோசரம் இந்தப் பேஜாரு?"

"ஒரே ஒரு போகம் பொறுத்துக்கய்யா," என்றாள் அவள். அந்த நிலத்தைத் தவிர அவளுடையது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் வேறு எதுவும் இல்லை. 

ஐப்பசியில் காய் முற்றியதும் மேஸ்திரி வயலில் குதித்தான். பின்னால் ஒருவரும் குதிக்கவில்லை. அறுபது பேரும் வரப்பில் கொட்டாங்குச்சியோடு வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி பிடுங்கிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தான். தனியாகத் திருடுவதில் அவனுக்கு ருசி இல்லை போலும். செடியைப் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் வெறுங்கையோடு வரப்பு வரிசையின் கடைசியில் நின்றான். காதறுந்தவள் தன் கொட்டாங்குச்சியை அவனுக்குக் கொடுத்தாள். தாயாரம்மாள் ஆளுக்கொரு பிடி கடலை போட்டாள். அந்த வருடம் பதினாறு மூட்டை கண்டது.

மாரியப்பன் அதற்கும் மசியவில்லை. ஒரு வருடக் கூத்தை நம்பி நிலம் வைத்திருக்க முடியுமா என்றான். அடுத்த ஆடி முடிந்ததும் கையெழுத்து என்று தொழிற்பேட்டைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான்.

அந்த ஆடி மூன்றாம் ஞாயிறு தாயாரம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கூழை யார் ஊற்றுவார்கள், கையெழுத்து என்றைக்கு என்று இரண்டு கவலையும் மாறி மாறி அவளைத் தின்றன. மத்தியானம் ஆலைச் சங்கு ஊதிய பிறகும் மாரியப்பன் ஷிப்டுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தான். கையில் தூக்கு நிறையக் கூழ் இருந்தது.

"யாரு ஊத்துனது?"

"காதறுந்தது."

"மொகத்தப் பாத்துச்சா?"

"இல்ல, தூக்கைத்தான் பாத்துச்சி." தூக்கை அவள் பக்கத்தில் வைத்தான். "ஷிப்டுக்கு நேரமாச்சின்னு நடுவுல பூந்துட்டேன். மேஸ்திரி சட்டையப் புடிச்சி இஸ்த்து, பின்னால வுட்டுட்டான். அவனே வரிசைல நிக்கறான். எனக்கே வெக்கமாப் பூடுச்சி."

தாயாரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்து கூழைக் குடித்தாள். அவன் பரணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெதக் கடலை எங்க வச்சிருக்கே?" என்றான்.

அவள் பரணைக் கைகாட்டினாள். பிறகு, கூழில் உப்பு கொஞ்சம் கம்மி, அடுத்த வருடம் காதறுந்தவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றாள்.