மூணாவது மாடிச் சீட்டு

“உனக்கு இந்த வீட்டுல என்னடி வேலை?”

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் நிற்கவைத்து அக்கா கேட்டது. அன்றைக்குச் சின்னவள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். இந்த முறை கணவன் பெயரில் அறை பதிவு செய்துகொண்டு வந்திருந்தாள். தங்க வந்தவளை விரட்ட முடியாதல்லவா?

“வாங்க மேடம். மூணாவது மாடி. பெட்டிய நீங்களேதான் தூக்கணும்” என்று பெரியவள் சாவியை மேஜைமேல் போட்டாள். கொடுக்கவில்லை, போட்டாள்.

இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் ஒடுங்கிய வீடு. அப்பா போனபிறகு பெரியவள் அதை அறையும் காலைச் சாப்பாடும் தரும் விடுதியாக்கியிருந்தாள். பூப்போட்ட சுவர்த்தாள், படிக்கட்டு நெடுக குடும்பப் படங்கள். ஒன்றில் மட்டும் சின்னவளின் தோள் தெரிந்தது. மிச்சத்தைப் படச்சட்டம் விழுங்கியிருந்தது. ‘சொந்த வீடு மாதிரி இருக்கிறது’ என்று வருகிறவர்களெல்லாம் எழுதிவிட்டுப் போவார்களாம். அவர்களுக்கு விடியற்காலையில் எழுந்து சமைப்பது அம்மா.

அம்மாவைக் கூட்டிப்போகத்தான் சின்னவள் வந்தாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும், வீட்டில் கைக்குழந்தை. ஆனால் அதற்காக மட்டுமில்லை என்று ரயிலில் வழி நெடுகத் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சமையலறை வாசலில் பெரியவள் கையைக் குறுக்கே வைத்தாள். “விருந்தாளிங்க உள்ள வரக்கூடாது.”

“அம்மாவப் பாக்கணும்க்கா.”

“சாப்பாட்டுல குறைன்னா எழுதிக் குடுங்க.”

எழுதித்தான் கொடுத்தாள். காலையில் என்ன வேண்டும் என்று குறித்து, சாயங்காலமே அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிடும் சீட்டு ஒன்று உண்டு. விடுதி தொடங்கிய புதிதில் அம்மாதான் மாடி ஏறி அவற்றை எடுப்பாள். சின்னவள் அதில் ரெண்டு முட்டை என்று குறித்து, அதற்குக் கீழே எழுதினாள்: ‘அம்மா, என்னோட வந்துடு. காலைல பத்து மணிக்கு வாசல்ல நிக்கிறேன்.’

காலையில் சாப்பாட்டு அறையில் வழுக்கைத்தலை விற்பனையாளர் ஒருவரும், ஒரு வயதான தம்பதியும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் சீட்டுகளோடு நடுவில் வந்து நின்றாள்.

“மூணாவது மாடி மேடம் ரெண்டு முட்டை கேட்டிருக்காங்க. கூடவே எங்கம்மாவையும் கேட்டிருக்காங்க.” ஒரு வார்த்தை விடாமல் உரக்கப் படித்தாள்.

விற்பனையாளர் மேஜையையே பார்த்தார். சின்னவள் சீட்டுக்குக் கை நீட்டினாள். “அது அம்மாவுக்கு எழுதினது.”

“அம்மா முழங்கால் தேஞ்சு மாடி ஏறி மூணு வருஷம் ஆச்சு. தெரியுமா உனக்கு? ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பியா? இப்ப பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணும்னதும் பாசம் பொத்துக்கிட்டு வருது!”

“முழங்கால் தேஞ்சவங்களையா அடுப்படியில நிக்க வெச்சிருக்க? வேலைக்காரி வெச்சா சம்பளம் குடுக்கணுமே, அதான்!”

“பேசுவடி. ஒரு ராத்திரி அவங்க காலுக்குத் தைலம் தேச்சிருக்கியா நீ?”

“தேய வெச்சதே நீதான!”

பரிமாறும் சன்னலுக்கு அந்தப் பக்கம் அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. அம்மா வெளியே வந்தாள். கையிலிருந்த தட்டை விற்பனையாளர் முன்னால் வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தோளில் கைப்பை, காலில் வெளியே போகும் செருப்பு.

சின்னவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “இரும்மா, என் பெட்டிய எடுத்துட்டு வந்துடறேன்.”

“எங்கம்மா போற? இன்னும் ரெண்டு மேஜைக்குச் சாப்பாடு போகல!” என்றாள் பெரியவள்.

அம்மா இருவரையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாசல் கதவைத் திறந்து, வாசல் படிகளின் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி, தெருவின் கூட்டத்துக்குள் தனியாக நடந்துபோனாள்.