துறைமுகத்தில் ஒரு சனிக்கிழமை

அண்ணனின் கப்பல், தான் படிக்கும் நாட்டுக்கே வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பில் மேற்படிப்புக்காக அவள் விமானம் ஏறியபோது அவன் நடுக்கடலில் இருந்தான். அவன் கல்யாணத்தின்போது அவளுக்குப் பரீட்சை. மூன்று வருஷமாக அண்ணன் என்றால் கைப்பேசியில் தெரியும் ஒரு முகம்தான். அதுவும் பாதி நேரம் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கும்.

கப்பல் சனிக்கிழமை காலை கரைக்கு வந்து ஞாயிறு மாலை கிளம்பும் என்றான். அவன் அதில் எலக்ட்ரீஷியன். இரண்டு நாளில் எதையெதைக் காட்டுவது என்று அவள் வாரம் முழுக்க யோசித்தாள். கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டும், படகில் ஒரு சுற்றுப் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரை உணவகம் ஒன்றில் ஜன்னலோர மேஜைக்குச் சொல்லி வைத்தாள்.

"அவனுக்கு மீனாப் பாத்து வாங்கிக் குடுடி," என்றாள் அம்மா போனில். "பொழுதன்னைக்கும் கடல்லயே கெடக்கான், வாய்க்கு ஒரு நல்ல மீன் கெடையாதாம். எப்பப் பாரு ஐஸ்ல வச்ச கோழிதானாம்."

அதிகாலை ரயில் பிடித்துத் துறைமுக வாசலுக்கு வந்து நின்றபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. உள்ளே பாரந்தூக்கிகள் இரும்புப் பெட்டிகளைக் கப்பல்களில் அடுக்கிக்கொண்டிருந்தன. வாசல் வழியே வெளியே வரும் ஒவ்வொரு ஆளையும் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். கைப்பேசி ஒலித்தது.

"பல்லி, எங்க நிக்கிற?" சின்ன வயதில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடப்பாளாம், அதனால் அந்தப் பெயர்.

"கேட்டுக்கு வெளியிலதான். சீக்கிரம் வா."

அவன் தொண்டையைச் செருமினான். ஏதோ சரியில்லை என்று அந்தச் செருமலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெனரேட்டர் ஒண்ணு படுத்துருச்சு. நான்தான் பாக்கணும். சரக்கு வேற சீக்கிரமே ஏறிடுமாம், இன்னைக்கு மத்தியானமே கெளம்புறோம்."

"பத்து நிமிஷம்கூட வர முடியாதா?"

"கேட்டுப் பாத்தேன். தலைமை இன்ஜினீயர் மொறைக்கிறாரு."

அவள் காவலாளியிடம் போய்க் கேட்டாள். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று அவர் வருத்தத்தோடு கையை விரித்தார். அவள் சாலையோரம் வந்து நின்றாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அப்படியே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ரயில் ஏறிடாத," என்றான் அவன். "எங்கெங்க கூட்டிட்டுப் போறதா இருந்தியோ அங்கெல்லாம் போ. நடுநடுவுல நான் கூப்பிடுறேன்."

கலங்கரை விளக்கத்தின் படிகள் குறுகலாகச் சுற்றிச் சுற்றி ஏறின. உச்சியில் காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. துறைமுகம் மொத்தமும் காலடியில் விரிந்து கிடந்தது. அவன் சொன்ன அடையாளம், சிவப்பு அடிப்பாகமும் வெள்ளை மாடியும் கொண்ட கப்பல், மூன்றாவதாக நின்றது.

"உன் கப்பல் தெரியுது."

"அப்படியா? இரு, மேல வர்றேன். ஆரஞ்சு சட்டை போட்டிருக்கேன், பாரு."

தூரத்தில் எறும்பளவில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னும் நாலைந்து வந்தன. எல்லாப் புள்ளிகளும் கையை ஆட்டின.

"எல்லாரும் ஆட்டுறாங்களே அண்ணா, இதுல யாரு நீ?"

"உனக்குச் சட்டுனு தெரியட்டுமேன்னு எல்லாரையும் ஆட்டச் சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கி வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், அவள் கண்ணைத் துடைப்பதைக் கண்டு விலகி நின்று இடம் கொடுத்தாள்.

அவள் குனிந்து அதன் வழியே பார்த்தாள். ஒருவன் மட்டும் தலைக்கவசத்தைக் கழற்றி அதையே உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தான். நெற்றி பாதித் தலைவரை ஏறியிருந்தது. கைப்பேசியில் எப்போதும் தொப்பியோடு வருகிறவன், இதை ஒருநாளும் காட்டியதில்லை. தோள்கள் அப்பாவுடையதைப் போல முன்பக்கம் வளைந்திருந்தன. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவள் இருந்த பக்கம் பார்க்கவில்லை, வேறெங்கோ இருந்த உயரமான கட்டடத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"தெரியுதா, பல்லி?"

"நல்லாத் தெரியுது."

"எனக்கும் நீ தெரியுற. பச்சையா ஏதோ போட்டிருக்க."

அவள் மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். "ஆமாண்ணா," என்றாள்.

அந்த அம்மாள் போட்ட காசுக்கு நேரம் முடிந்து, தொலைநோக்கியின் கண்ணுக்குள் சட்டென்று இருட்டு விழுந்தது. தலைநிமிர்ந்தபோது புள்ளிகள் கலைந்து போய்க்கொண்டிருந்தன.

உணவகத்தில் பணிப்பெண் எதிர் நாற்காலியைக் காட்டி, இன்னொருவர் எப்போது வருவார் என்று கேட்டாள். வர மாட்டார் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கொஞ்சம் தாமதமாகும் என்றாள். பொரித்த மீன் முழுசாக வந்தது, மேலே எலுமிச்சைத் துண்டு. ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் அவனே கூப்பிட்டான்.

"நானும் சாப்பிடத்தான் ஒக்காந்திருக்கேன். இன்னைக்கும் கோழிதான். உனக்கு என்ன?"

"மீன்." சொல்லவே கூச்சமாக இருந்தது.

"முள்ளு நெறையவா?"

"நடுவுல ஒரே முள்ளுதான். சதை மெத்து மெத்துன்னு இருக்கு."

"தோலு?"

"மொறுமொறுன்னு."

"மெதுவாச் சாப்பிடு," என்றான். பிறகு இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். அவன் மெல்லும் சத்தமும் தட்டில் கரண்டி படும் சத்தமும் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரே வீட்டில் இருந்தபோது, சத்தம் போட்டு மெல்லுகிறான் என்று இதற்காகவே அம்மாவிடம் கோள் சொல்லியிருக்கிறாள். இப்போது போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

அவன் பக்கத்தில் மணி அடித்தது. "கூப்பிடுறாங்க," என்றான். "அம்மாகிட்ட நேர்ல பாக்கலைன்னு சொல்லித் தொலைக்காத. தூங்க மாட்டா."

தட்டு காலியாகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாறைச் சுவரைத் தாண்டி அந்தச் சிவப்புக் கப்பல் போனது. அது ஒரு கோடாகிக் கரையும்வரை பார்த்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள். படகுச் சவாரிக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். "அண்ணனப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம்."

"எப்படி இருக்கான்?"

"அப்பா மாதிரியே ஆயிட்டாம்மா."

"கல்யாணத்துக்கப்புறம் நான் அவனப் பாக்கவே இல்ல. உனக்காவது பாக்கக் குடுத்து வச்சுது," என்றாள் அம்மா.