உடையும் இடம்

ஏழாம் வகுப்புக்கு அட்டைப் பாலம் கட்டும் வேலை கொடுத்தாலே அறிவியல் டீச்சருக்குத் தலைவலிதான். பாலங்கள் பளபளவென்று வந்து நிற்கும். யார் கட்டியது என்று கேட்டால் பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள். வருஷா வருஷம் அப்பாக்களுக்குத்தான் மார்க் போய்க்கொண்டிருந்தது.

இந்த முறை டீச்சர் விதியையே மாற்றினார்.

"பாலத்து மேல புத்தகமா அடுக்கிக்கிட்டே போவேன். முதல்ல எங்க உடையும், ஏன் உடையும்னு முன்கூட்டியே சொல்லணும். அதுக்குத்தான் மார்க்."

முதலில் வந்தது ராக்கெட் என்று எல்லோரும் கூப்பிடும் பெண். அவள் அப்பா கட்டடப் பொறியாளர். வளைவும் கைப்பிடியுமாகப் பாலம் ஜோராக இருந்தது.

"உடையவே உடையாது டீச்சர். அப்பா சொன்னாரு."

ஏழாவது புத்தகத்தில் ஒரு பக்கம் விட்டுக்கொண்டு சரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முகம் சுருங்கிப்போய் உடைந்ததை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அடுத்தவன் சோடாபுட்டி. அவன் பாலம் நிற்பதே பெரிய விஷயம்.

"இந்த இடது காலுதான் போகும் டீச்சர். அட்டைய தப்பா வெட்டிட்டேன்."

இரண்டாவது புத்தகத்திலேயே இடது கால் மடங்கியது. வகுப்பு விசிலடித்து ஆர்ப்பரித்தது. பக்கத்து அறையிலிருந்து தலைமை ஆசிரியை ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு?"

"பாலம் உடைஞ்சிடுச்சு மேடம்!"

"அதுக்கா இந்தக் கூத்து?"

டீச்சர் விளக்கியும் அவருக்குத் திருப்தியில்லை. "வீட்லேருந்து சண்டைக்கு வந்தா யாரு பதில் சொல்றது?"

அதற்குள் ராக்கெட் எழுந்து நின்றாள். "டீச்சர், என் பாலத்துல ஒரு மூலைல பசை காயவே இல்ல. அதான் விட்டுடுச்சு. நானே ஒண்ணு செஞ்சு கொண்டாரட்டுமா?"

சாப்பாட்டு வேளை முழுக்க வெட்டி ஒட்டினாள். வந்தது கோணல்மாணலான ஒரு பாலம்.

"நடுவுலதான் உடையும். கீழ முட்டு இல்ல."

இந்தத் தடவை புத்தகம் அடுக்கியது தலைமை ஆசிரியைதான். நாலாவதை வைத்ததும் பாலம் நடுவில் தொங்கி, பட்டென்று முறிந்தது. "சபாஷ்!" என்று கத்திவிட்டு, அவரே கூச்சத்தோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் பள்ளி வாசலில் நின்ற அவள் அப்பா ஆவலாகக் கேட்டார். "நம்ம பாலம் என்னடா ஆச்சு?"

"என்னுது பாஸ்ப்பா. உங்களுது ஃபெயில்."

அவர் திருதிருவென்று விழித்தார். "எங்க உடைஞ்சுது?"

"வாங்க, ஏன்னும் சேர்த்தே சொல்றேன்" என்று அவர் கையைப் பிடித்து வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள்.