ஓவர் பெக்லியின் ஆறாவது மணி

டெஸ்மண்ட் பார்ஜிட்டர் குடியிருந்த வீட்டுக்குப் பெயர் 'பழைய ரொட்டிக்கடை'. பக்கத்து வீடு 'பழைய பள்ளிக்கூடம்'. எதிர்வீடு 'பழைய தபால் நிலையம்'. ஓவர் பெக்லி என்ற அந்த ஆங்கிலக் கிராமத்தில் ஒரு ரொட்டி வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு டவுன் சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான் போகவேண்டும். இது வேடிக்கைதான் என்பது டெஸ்மண்டுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பெயரை வாசலில் பொன்னெழுத்தில் எழுதிவைத்திருந்தார்.

லண்டன் புறநகரான குராய்டனில் காலமெல்லாம் இன்சூரன்ஸ் விற்றுவிட்டு, ஓய்வுபெற்றதும் மனைவி ராசலிண்டோடு இங்கே வந்தவர். வந்த மாதமே, சேவல் விடியுமுன் கூவுகிறது என்று ஊராட்சிக்குப் புகார் கொடுத்தார். அடுத்த மாதம் கிராமப் பாரம்பரியக் காப்புக் கழகத்துக்குச் செயலாளரானார். ஆறு வருஷம் கழிந்தும் ஊரார் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. 'அந்தக் குராய்டன்காரர்', அவ்வளவுதான்.

பழைய ஆங்கிலக் கிராம வாழ்க்கை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வானொலியில் ஒரு நிகழ்ச்சி தயாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "எங்க ஊருக்கு வாங்க, கண்ணால பாருங்க" என்று போன் போட்டவர் டெஸ்மண்ட்தான். போனை வைத்த பிறகுதான் எதைக் காட்டுவது என்ற யோசனையே வந்தது. பப்பில் வெள்ளிக்கிழமை தோறும் தாய்லாந்துச் சாப்பாடு. கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டத்தைவிட நாயை நடக்கக் கூட்டிவருகிறவர்கள் அதிகம். மிச்சம் இருந்தது தேவாலயக் கோபுரம்தான். அங்கே மணிகள் ஆறு. அடிக்க ஆள் ஐந்து. ஆறாவது ஆளாகத் தானே சேர்ந்தார்.

மணி அடிப்பவர்களுக்குத் தலைவி ஏவ்ரில் கேதர்கோல். பள்ளி மினிபஸ் ஓட்டுகிறவள். பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டும் குரலிலேயே எல்லோரிடமும் பேசுவாள்.

"இங்க பாரும் டெஸ்மண்ட், பலம் பெருசில்ல. கம்பளி சுத்தின பிடிய இழுத்ததும் விட்டுடணும். மணி மேல திரும்பும்போது கயிறும் சர்ருனு மேல போகும். பிடிச்சிட்டே இருந்தா நீரும் கூடவே போவீர்."

"இன்சூரன்ஸ்ல இருந்தவன் நான். ஆபத்துன்னா எனக்குத் தெரியாதா?" என்றார் டெஸ்மண்ட்.

வானொலியிலிருந்து டாம்சின் என்ற இளம் பெண் ஒலிவாங்கியோடு வந்தாள். சுருள் படிக்கட்டேறி மணிக்கூண்டு அறைக்கு வந்து நின்று, "சார், இந்த மணிக்கு உங்களைப் பொறுத்தவரை என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். டெஸ்மண்ட் இதற்காகவே குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தார். கயிற்றை இழுத்தபடியே ஆரம்பித்தார்.

"இந்தக் கயித்தப் பிடிச்சா, எண்ணூறு வருஷத்துக் கைகளப் பிடிச்ச மாதிரி. இத நாங்க ஒருநாளும் விடமாட்..."

விடவில்லை. பேச்சு ருசியில் கை இறுகிவிட்டது. மேலே ஏதோ கட்டை முறியும் சத்தம் கேட்டது. செயலாளர் செங்குத்தாக மேலே கிளம்பினார்.

"விடுய்யா! கயித்த விடுய்யா, மடப்பயலே!" என்று ஏவ்ரில் கத்தினாள்.

அவர் விட்டார். அதுவும் தப்பான நேரத்தில். தரையில் வந்து விழுந்தபோது கணுக்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வலியைவிட முதலில் தோன்றியது, டாம்சினின் ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறதே என்பதுதான்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். நாலாவது மணி அடிக்கும் கிளைவ் ரட்டக், ஆடு வளர்ப்பவன், அவரைத் தோளில் தூக்கிச் சுருள் படியில் இறங்கினான். கீழே வந்ததும்தான் வாய் திறந்தான்: "கிடா இதவிட கனம். ஆனா அது இவ்வளவு கத்தாது." ஆஸ்பத்திரிக்கு ஆடு ஏற்றும் வண்டியில்தான் போனார், வைக்கோல்மேல் படுத்துக்கொண்டு. வண்டி போகும் வழியெல்லாம் ஊரார் அவரவர் வாசலில் நின்று கையசைத்தார்கள். ராஜா ஊர்வலம் இதைவிடப் பெரிதாக இருக்காது என்று நினைத்துக்கொண்டார். ராஜா மேல் ஆட்டு வாடை வராது என்பதையும் சேர்த்து நினைத்தார்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் ஏவ்ரில் பின்கதவு வழியாக நேரே உள்ளே வந்தாள். கையில் மீன் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து, "இதத்தான் சாப்பிடுறீங்களா?" என்று முகம் சுளித்துவிட்டுப் பாதியைக் குப்பையில் போட்டாள். கிளைவ் கேட்காமலே புல் வெட்டிக்கொடுத்தான். டெஸ்மண்ட் அரும்பாடுபட்டு வளர்த்த காட்டுப்பூச் செடிகளையும் சேர்த்து. யாரோ நாயை நடக்கக் கூட்டிப்போனார்கள். யார் என்று நாய்க்குத்தான் தெரியும். எலும்பு எந்த இடத்தில் முறிந்தது என்பது அவருக்குத் தெரியுமுன்பே பப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இவங்களுக்குக் கதவத் தட்டணும்னு தெரியாதா?" என்று மனைவியிடம் சீறினார்.

ராசலிண்ட் பத்திரிகையிலிருந்து தலை நிமிரவில்லை. "கிராம வாழ்க்கை வேணும்னீங்க. வந்திருக்கு. உள்ள விடாம என்ன பண்றது?"

நிகழ்ச்சி ஒலிபரப்பான ஞாயிற்றுக்கிழமை பப் நிறைந்திருந்தது. டெஸ்மண்ட் ஊன்றுகோலோடு போய் உட்கார்ந்தார். எண்ணூறு வருஷத்துக் கைகளை வெட்டிவிட்டார்கள். பாரம்பரியம் பற்றி அவர் பேசியது ஒரு சொல்கூட இல்லை. வந்தது ஒரு முறிவுச் சத்தம், ஒரு நீண்ட அலறல், ஏவ்ரிலின் "மடப்பயலே". பிறகு டாம்சின் மென்மையாக, "ஓவர் பெக்லியில் ஏதோ ஒன்று உயிரோடுதான் இருக்கிறது" என்றாள்.

பப் அதிர்ந்தது. ஒருவன் மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தான். "பறக்கும் டெஸ்மண்டுக்கு ஒரு கிளாஸ்!" என்று கிளைவ் எழுந்து நின்றான். ஆறு வருஷத்தில் முதன்முறையாகக் குராய்டன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டெஸ்மண்டுக்கு முதலில் காது சிவந்தது. அப்புறம் அந்த அலறல் கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை போலவே இருந்தது நினைவுக்கு வர, அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

விழுந்த கதையைத் தன் வாயால் சொல்லச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து, கட்டுப் போட்ட காலை எல்லோரும் பார்க்கும்படி நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆனால் பேச்சு அதற்குள் வேறெங்கோ போய்விட்டது: கல்லறைத் தோட்டத்தில் எவன் வீட்டு நாய் பள்ளம் பறித்தது என்று. பழி பழைய தபால் நிலையத்துக்காரர்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது. தன் புகழுக்கு ஆயுள் ஒரு கிளாஸ் பீர்தானா என்று டெஸ்மண்டுக்குச் சற்று வருத்தமாக இருந்தது. பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "நான் சொல்றேன் கேளுங்க, அது அவங்க நாயே இல்ல" என்று உள்ளே புகுந்தார்.

"உமக்கு என்னய்யா தெரியும்?" என்று நாலு பேர் ஒரே குரலில் பாய்ந்தார்கள்.