விடாத கட்டைவிரல்

ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வருக்கு ஒருவழியாக ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. ரேடியோவில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார், மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டார், மனைவி துணி மடிக்கும் மேஜையையும் வளைத்துப் போட்டுக்கொண்டார். இனி அவள் கட்டிலில் வைத்து மடிக்க வேண்டியதுதான். கட்டின பெண்டாட்டியோடு பேச நேரமில்லாத மனுஷனுக்குக் காற்றில் எவனோடோ பேச என்ன துடிப்பு!

மைக்கின் பட்டனை அழுத்திக்கொண்டு வெயில், வயிற்றுக் கோளாறு, இளைஞர்களின் ஒழுங்கீனம் என்று பொரிந்து தள்ளுவார். "ஓவர், இனி நீங்க பேசலாம்" என்பார். கட்டைவிரல் மட்டும் பட்டனை விட்டு எழாது. அப்படியே சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "மரியாதை தெரியாத கும்பல், ஒருத்தனாவது வாயத் திறக்கிறானா பாரு" என்று திட்டி, செட்டை அணைத்துவிடுவார்.

அன்று அவர் பேசிக்கொண்டிருந்தபோதே காலிங்பெல் அடித்தது. செட்டை அணைக்காமல் மைக்கை வைத்துவிட்டுப் போனார். உடனே ஸ்பீக்கரில் ஒரு குரல் கதறியது.

"ஐயா, கும்பிட்டுக் கேக்குறேன், பேசி முடிச்சதும் பட்டனை விடுங்க! அழுத்திட்டே இருந்தா நாங்க பேசுறது உங்களுக்குக் கேக்காது. நீங்க திட்டுறது மட்டும் எங்களுக்கு நல்லாக் கேக்குது!"

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்ல நினைத்ததை எவனோ ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க, அந்தப் பட்டனை..." என்று ஆரம்பித்தாள்.

"இரு, குறுக்க பேசாத" என்று கையைக் காட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

பேசித் தொலையட்டும் என்று அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.