யேசுதாஸின் ரத்த மாதிரி

ராயபுரத்தில் ஓர் ஆராய்ச்சி மையத்தின் உறைபெட்டி அறைக்கு மேத்யூதான் பொறுப்பு. எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆலைப் புகை ஜனங்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று கண்டறிய எடுத்த ரத்தமெல்லாம் சின்னச் சின்னக் குப்பிகளில் அங்கே உறைந்து கிடந்தது. டெல்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தில் புகையின் தடயத்தைக் கண்டுபிடிக்கும் புதிய பரிசோதனை வந்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அவர்களுக்கும் ஒரு பங்கு அனுப்புவதாக ஏற்பாடு.

பெட்டி லேசாகச் சூடேறினாலே அலாரம் அடிக்கும். சூடேறாமலும் அடிக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் அது ஓயாமல் கத்த, மேத்யூ எரிச்சலில் சத்தத்தை அணைத்தான். மறுநாள் அக்கா மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை விழா. கிளம்பும் அவசரத்தில் திரும்பப் போட மறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரசர் நின்றுபோனது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் காலடியில் தண்ணீர் வழிந்தது. ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தான். உள்ளே இருந்தது அசைந்தது.

மையத்தின் தலைவர் டாக்டர் சங்கரநாராயணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. கெட்டதை எரிக்கக் கொடுத்துவிட்டு, மறுபடி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரச் சொன்னார். இரண்டாவது சுற்று என்று சொல்லிக்கொள், உண்மை தெரிந்தால் யாரும் கை நீட்ட மாட்டார்கள் என்றார். மேத்யூ தலையாட்டினான். அது அவனுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

முதலில் போனது திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் சிலுவையம்மாள் வீட்டுக்கு. அவள் புருஷன் யேசுதாஸ் எண்ணூரில் பழைய இரும்பு, பித்தளை உருக்கும் பட்டறையில் வேலை செய்தவர். போன வருஷம் இருமி இருமியே செத்துப்போனார். பீடி குடித்துக் கெட்டான் என்றது பட்டறை. அவர் பீடியைத் தொட்டதே இல்லை. சாவதற்கு முன்னால் அவரிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

மேத்யூ அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது கேட்டாள். "தம்பி, அவரு ரத்தம் அங்க பத்திரமா கீதா?"

"கீதுக்கா" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டெல்லியில் சோதித்துப் பார்த்தால் பட்டறைப் புகையால்தான் செத்தார் என்று தெரிந்துவிடும் இல்லையா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றான். அவள் முகம் தெளிந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தான். அடுத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. ரயிலேறித் திரும்பிவிட்டான்.

மறுநாள் காலை மறுபடி அவள் வாசலில் போய் நின்று நடந்ததைச் சொன்னான். அலாரத்தை அணைத்தது தான் என்பதையும் சொன்னான். அவள் கத்தவில்லை. "கெட்டுப்போனாலும் அது அவருதுதான? குடு, நான் வச்சிக்கிறேன்" என்றாள்.

"எரிச்சிட்டாங்கக்கா."

"நாம பொதைக்கிறவங்க தம்பி. எரிக்கிறவங்க இல்ல."

மேத்யூவும் கோயிலுக்குப் போகிறவன்தான். குப்பிகளை எரிக்கக் கொடுக்கும் மஞ்சள் பையில் கட்டியபோது அவனுக்கு அது தோன்றவே இல்லை. நேற்று எடுத்துப்போன தன் ரத்தத்தையும் அங்கே வைக்கக் கூடாது, பட்டியலிலிருந்து பேரையும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

குப்பம் முழுக்கச் செய்தி பரவியது. பக்கத்து வீட்டு எத்திராஜ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கே வந்து கேட்டார். பல வருஷ உழைப்பை நீ வாயைத் திறந்து கெடுத்துவிட்டாய் என்று டாக்டர் அன்றைக்குத்தான் மேத்யூவைத் திட்டினார். ஆனாலும் அவர் குப்பத்துக்கு வர வேண்டியதாயிற்று. மாதா கோயில் முன்னால் நின்று, கரண்ட் கோளாறு என்று தொடங்கினார். மேத்யூ எழுந்து, கோளாறு தன்னுடையது என்றான். கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் மறுபடி கை நீட்டினார்கள்.

அடுத்த கோடையில் டெல்லியிலிருந்து முடிவு வந்தது. பட்டறையில் வேலை செய்தவர்களின் ரத்தத்தில் புகையின் தடயம் தெளிவாக இருந்தது. உயிரோடு இருந்தவர்கள் அதை வைத்துப் பட்டறைமேல் வழக்குப் போட்டார்கள். மேத்யூ சிலுவையம்மாளிடம் போய்ச் சொன்னான்.

"அப்போ அவருக்கும் இருந்திருக்கும்" என்றாள்.

"இருந்திருக்கும்கா."

"இருந்திருக்கும்னு சொன்னா கோர்ட்ல எவன் கேப்பான்?"

மேத்யூ வெயில் ஏறும்வரை வாசலிலேயே நின்றான். அவள் அவனைப் போகவும் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை.