நான்கு துண்டு, நான்கு சுற்று

1.

நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்குள் கடலூர்த் துறைமுகத்தில் நீர்மட்டம் எப்படி ஏறி இறங்கும் என்று கணிப்பதுதான் இளமதியின் எம்.எஸ்சி. புராஜெக்ட். இந்தக் கதை அதிலிருந்து வந்தது. அவள் முறையிலேயே எழுதிப் பார்க்கிறேன்: நான்கு பகுதிக்கும் உத்தேசமாக ஒரு தொடக்கம் வைத்துக்கொண்டு, நான்கையும் ஒரே சமயத்தில். [பகுதிகள் சேரும் இடத்தில் இடித்தால் திருத்திக்கொள்வேன்.]

2.

அலைகள் கரையைத் தழுவி... (வேண்டாம். அவளுக்கு அலை ஒரு சமன்பாடு.)

நாற்பத்தெட்டு மணியை நான்கு துண்டாக்கினாள். முதல் துண்டு முடிந்தால்தான் இரண்டாவது எங்கே தொடங்கும் என்று தெரியும். அதற்காகக் காத்திருக்காமல், துண்டுக்கொன்றாக நான்கு கம்ப்யூட்டருக்கு உத்தேச எண்களைக் கொடுத்து, நேரம் மிச்சமாகும்படி ஒன்றாக ஓட்டுவதுதான் வித்தை. சேராத இடங்களைத் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும். சிதம்பரத்து லேபில், நான்காம் சுற்றில் எல்லாம் சேர்ந்தது.

"எட்டு தசமம் வரைக்கும் ஒட்டுதுடி!" கூட வேலை செய்யும் நஜியா குதித்தாள். கைடு ஜெயராணி மேடம் டிபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

3.

கடலூர் பஸ் பி.முட்லூரைத் தாண்டும்போது இளமதிக்கு உறைத்தது. முதல் சுற்றில் முதல் துண்டு சரியாகும். அதன் முடிவைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுற்றில் இரண்டாவது. நான்கு சுற்று ஓட்டினால் நான்கும் ஒட்டாமல் எங்கே போகும்? [இதன் மிச்சமும் அவளுக்குத் தெரியும். நான் இப்போது சொல்லமாட்டேன்.]

திங்கட்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ. தேறாவிட்டால் இன்னொரு செமஸ்டர். நஜியாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"கேட்டா சொல்லுவோம். கேக்கலன்னா விட்டுடுடி."

"நானே சொல்லிடறேன்."

"நீயா? ஷேர் ஆட்டோவ நிறுத்தச் சொல்ல வாய் வராம, அடுத்தவங்க எறங்குற எடத்துல எறங்கி நடந்து போறவ நீ!"

அன்று கடலூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறிய ஷேர் ஆட்டோவில், தன் இடம் வந்ததும், "அண்ணே, செம்மண்டலம்" என்றாள். ஆட்டோ நின்றது. இறங்கி, தேவையில்லாமல் சிரித்தாள்.

4.

நான் எழுதிய முதல் சுற்றில் இந்தப் பகுதியில் இளமதி பேசவேயில்லை. இரண்டாம் சுற்றில் அவளுக்காக நஜியா சொன்னாள். இரண்டும் மூன்றாம் பகுதியோடு சேரவில்லை. ஆட்டோவை நிறுத்தியவள் அவள். திருத்துகிறேன்.

"வேற எதாவது சொல்லணுமாம்மா?" என்றார் மேடம், ரிவ்யூ முடிவில், முகமெல்லாம் சிரிப்பாக.

நஜியா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

[மேடத்தின் பதிலுக்கு என்னிடம் உத்தேச எண்கூட இல்லை. நீங்கள் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.]

இளமதி எழுந்து நின்றாள்.

"இருக்கு மேடம். ஒரே கம்ப்யூட்டர்ல நேரா போட்டிருந்தா, இதவிட சீக்கிரமாவே முடிஞ்சிருக்கும்."